நல்ல தண்ணி, சுடுதண்ணி, பச்சைத்தண்ணி: குடிக்கிற தண்ணீர் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இராமநாதபுரம் பக்கத்துக்காரன், சென்னையில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர் போன ஊர், கூடவே தமிழ் வாத்தியார் என்றால் கேட்க வேண்டுமா? அடுக்ககத்தில் கேன் போடுகிற நாளில் "சார், இந்தத் தண்ணி நல்லதா?" என்று ஒருவர் நிறுத்துவார், மாடியேறினால் அவர் மகள் "சார், அந்தக் குறளுக்கு என்ன அர்த்தம்?" என்று நிற்பாள். ஒரே பதிலைப் பல தடவை சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

தண்ணீர், தண்ணி, நீர். எதைச் சொன்னா சரி சார்?

மூன்றும் சரிதான். தண்மை என்றால் குளிர்ச்சி. தண், நீர் இரண்டும் சேர்ந்து தண்ணீர், அதாவது குளிர்ந்த நீர். அது வாயில் தேய்ந்து தண்ணி ஆனது. எழுத்தில் தண்ணீர், பேச்சில் தண்ணி, அவ்வளவுதான். 'நீர்' தனியாக வந்தால் இன்றைக்குக் கொஞ்சம் மேடைப் பேச்சு வாசனை அடிக்கும், யாரும் "ஒரு டம்ளர் நீர் கொடுங்க" என்று கேட்பதில்லை. ஆனால் இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டால் அது நம் வீட்டுச் சொல்: இளநீர், கண்ணீர், நீர்மோர், பழைய சோற்றில் ஊறிய நீராகாரம்.

மலையாளத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். நமக்கு வெள்ளம் என்றால் ஊரே மிதக்க வேண்டும், அவர்களுக்கு ஒரு டம்ளர் போதும்.

'சூடான தண்ணீர்'னு சொல்றது தப்பாமே?

முதல் பதிலைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் 'சூடான குளிர்ந்த நீர்' என்று ஆகிவிடும், அதனால் தப்பு என்பார்கள். அதற்காகத்தான் வெம்மையும் நீரும் சேர்ந்த 'வெந்நீர்' இருக்கிறது, திருநெல்வேலிப் பக்கம் 'வெந்நி' என்று அழகாகச் சுருக்கிவிடுவார்கள். ஆனால் 'தண்' என்பதன் பொருளை நினைத்துக்கொண்டா நாம் தண்ணீர் என்கிறோம்? அது எப்போதோ பொதுப்பெயராகிவிட்டது. 'சுடுதண்ணி' என்று சொல்லாத வீடு உண்டா? யாழ்ப்பாணத்தில் பிளாஸ்குக்கே சுடுதண்ணிப் போத்தல் என்றுதான் பேர். 'சுடுதண்ணி' தப்பென்றால் 'ஜில் தண்ணி'யும் கூறியது கூறல் என்று தப்பாகிவிடும், கடைக்காரரிடம் என்னதான் கேட்பீர்கள்?

காய்ச்சாத தண்ணீருக்குப் பச்சைத்தண்ணி என்று பெயர் வைத்திருக்கிறோம் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்த சொல். பச்சைக் காய், பச்சைப் பால் மாதிரி. தீயைப் பார்க்காதது எதுவும் பச்சை.

'நல்ல தண்ணி'ன்னா சுத்தமான தண்ணிதானே?

இல்லை. நல்ல தண்ணி என்றால் உப்பு இல்லாத தண்ணீர். எங்கள் ஊரில் நல்ல தண்ணிக் கிணறு ஒன்று, உப்புத்தண்ணிக் கிணறு நாலு. சோதனை அடுப்பில்தான் நடக்கும்: நல்ல தண்ணியில் பருப்பு மலரும், உப்புத்தண்ணியில் ஒரு மணி நேரம் கொதித்தாலும் கல்லாகக் கிடக்கும். சோப்பு நுரைக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் செய்கிற வேலை இது. இந்தியத் தர விதிப்படி (ஐ.எஸ். 10500) ஒரு லிட்டரில் கரைந்த பொருள்கள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

நாக்கை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது என்பதற்குத் தருமபுரி சாட்சி. அங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளூரைடு அதிகம், குடித்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாகத்தான் முதலில் தெரிய வரும், முற்றினால் எலும்பைப் பிடிக்கும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாத சமாச்சாரம் அது. காய்ச்சினாலும் போகாது. காய்ச்சுவது கிருமிக்கு மருந்தே தவிர உப்புக்கோ புளூரைடுக்கோ அல்ல, வற்றக் காய்ச்சினால் அவை இன்னும் கெட்டிப்படும். அதற்காகத்தான் ஒகேனக்கல்லில் காவிரித் தண்ணீரை எடுத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கினார்கள்.

ஊருணின்னா குளம்தானே? அப்புறம் எதுக்குத் தனிப் பேரு?

குளம்தான், ஆனால் ஊர் உண்பதற்கான குளம். பழைய தமிழில் தண்ணீரையும் 'உண்பார்கள்', அதனால் ஊர் உண்ணும் நீர் ஊருணி ஆனது. வயலுக்குப் பாய்வது கண்மாய், குளிக்கத் துவைக்க வேறு குளம், ஊருணியில் காலை நனைத்தாலே கிழவிகள் வைவார்கள். "ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம் பேரறி வாளன் திரு" என்று 215ஆவது குறளில் வள்ளுவர் நல்லவன் கையில் சேர்ந்த பணத்துக்கு இதைத்தான் உவமை சொன்னார். கடலும் ஆறும் இருக்க ஊருணியைப் பிடித்தாரே, அங்கேதான் அவர் ஊர்க்காரர். அது யார் வீட்டுக் கொல்லையிலும் இல்லாமல் எல்லார் குடத்துக்கும் எட்டுகிற தண்ணீர்.

கோடையில் ஊருணி வற்றினால் நடுவில் ஊற்றுத் தோண்டுவோம். ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு குழி, அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கசியும். என் அப்பத்தா அதில் குந்தி உட்கார்ந்து, சிரட்டையால் கலக்காமல் மேலாக வழித்துக் குடத்தில் ஊற்றுவார். அவசரப்பட்டு ஆழமாக முக்கினால் சேறு வரும். ஒரு குடம் நிரம்ப அரை மணி. மேலே வரிசையில் பத்துக் குடம் நிற்கும், ஆனாலும் யாரும் 'சீக்கிரம்' என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் தண்ணீர் வேகமாக ஊறிவிடுமா?

பானைத் தண்ணி எப்படி ஜில்லுன்னு இருக்கு? எங்க வீட்டுப் பானை மட்டும் ஏன் ஆகல?

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தண்ணீர் அது வழியாகக் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நமக்கு வியர்த்து, காற்றுப் பட்டால் குளிர்வது போலத்தான். வறண்ட காற்று வீசும் வேலூரில் பானை பிரமாதமாக வேலை செய்யும், கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் கொஞ்சம் மந்தம்தான்.

உங்கள் பானை குளிரவில்லை என்றால் முதலில் பெயிண்ட் அடித்ததா என்று பாருங்கள். நானே ஏமாந்தேன். குழாய் வைத்து, பூப்போட்டு, வழவழவென்று இருந்தது என்று ஒன்றை வாங்கி வந்தேன், மூன்று நாள் காத்திருந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. பெயிண்ட் துளையை எல்லாம் அடைத்துவிட்டது, அது பானை இல்லை, பானை வேஷம் போட்ட பிளாஸ்டிக் வாளி. இப்போது அதில் மணி பிளாண்ட் இருக்கிறது. வெறும் மண்பானையாக வாங்கி, ஈர மணல் மேல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

தேத்தாங்கொட்டை போட்டா கலங்கல் தெளியும்னு ஆச்சி சொல்றாங்க. கதையா, நெசமா?

நிஜம். 'போட்டால்' இல்லை, உரைத்தால். பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை நன்றாக உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால், மிதக்கிற மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படியும். கலித்தொகையிலேயே இது இருக்கிறது. காதலன் வராமல் கலங்கிக் கிடந்த பெண், அவன் வந்ததும் 'இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல்' தெளிந்தாளாம். இல்லம் என்பது இங்கே வீடு இல்லை, தேற்றா மரம். காழ் என்பது அதன் விதை. மனத்தைத் தேற்றுவதும் தண்ணீரைத் தேற்றுவதும் ஒரே வினைச்சொல் என்பதைக் கவனியுங்கள். தெளிந்த பிறகும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், மண் போனால் கிருமி போனதாக அர்த்தம் இல்லை.

கேன்ல வர்றது மினரல் வாட்டர்தானே?

பேச்சுக்கு அப்படிச் சொல்கிறோம். 20 லிட்டர் கேனில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீரை எடுத்து, வடிகட்டி, உப்பைக் குறைத்து, கிருமி நீக்கி அடைத்தது, அதற்கான தர எண் ஐ.எஸ். 14543. இயற்கையான ஊற்றில் எடுத்து அதன் தாதுக்களோடே அடைக்கும் உண்மையான மினரல் வாட்டருக்கு எண் வேறு, 13428. கேன் மேல் 14543 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா, மூடியின் சீல் பிரிபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கேனை வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் எல்லாம் வெடித்த தரையாகக் கிடந்தபோது ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர், ஜூலை 12 அன்று முதல் வண்டி.

தண்ணி லாரில 'நீரின்றி அமையாது உலகு'ன்னு எழுதியிருக்கே, அதுதான் முழுக் குறளா?

பாதி. முழுசாக, "நீர்இன்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வான்இன்று அமையாது ஒழுக்கு." 'நீரில்லாமல் உலகம் இல்லை என்றால்' என்று தொடங்கி, 'மழை இல்லாமல் அந்த நீரோட்டம் இல்லை' என்று முடிகிறது. தண்ணீர் முக்கியம் என்பதை எல்லோருக்கும் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வருகிறது பார் என்று மேலே கை காட்டுகிறார். லாரியில் எழுதுகிறவர் கை காட்டுகிற பாதியை விட்டுவிட்டார், லாரிக்கு அது தோதுப்படாது என்று நினைத்தாரோ என்னவோ. 'ஒழுக்கு' என்பதற்கு நீர் ஒழுகுவது என்று பரிமேலழகர் உரை சொல்லும், மனிதர் ஒழுக்கம் என்று கொள்பவர்களும் உண்டு. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்று வந்தபோது விடுபட்ட அந்தப் பாதிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தண்ணி காட்டுறது, தண்ணி தெளிக்கிறது, தண்ணி அடிக்கிறது. இதெல்லாம் எப்படி வந்துச்சு?

மாட்டுக்குத் தண்ணி காட்டுவது என்றால் வாளியை அதன் முன்னால் வைத்துக் குடிக்க விடுவது, இன்றும் கிராமத்தில் அந்த அர்த்தம்தான். போலீசுக்குத் தண்ணி காட்டினான் என்றால் அகப்படாமல் அலையவிட்டான் என்று ஆகிறது. தண்ணி தெளித்து விடுவது, சாமிக்கு நேர்ந்து விட்ட கிடாயைப் பார்த்து வந்தது என்பார்கள்: இனி அது எங்கள் பொறுப்பில்லை. பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படவில்லை என்றால் முழுப் பட்டினி.

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மேலதிகாரிகள் மிரட்டுவது எங்கள் மாவட்டத்தைத்தான். அங்கேயும் மனிதர்கள் பிறந்து வளர்ந்து தமிழ் வாத்தியார் ஆகிறோம் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். 'தண்ணி அடிப்பது' இப்போது சாராயத்துக்குப் போய்விட்டது, ஆனால் தெருவுக்குத் தெரு அடிபம்பு இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் தினமும் தண்ணி அடித்தது அம்மாதான்.

சங்கப் பாட்டுல ஒருத்தன் தண்ணி கேக்குற சாக்குல வந்து வம்பு பண்ணுவானே, அது என்ன பாட்டு?

கலித்தொகை 51, கபிலர் பாடியது. சின்ன வயதில் மணல் வீட்டைக் காலால் சிதைத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பயல். ஒரு நாள் அம்மாவும் மகளும் வீட்டில் இருக்கும்போது வாசலில் வந்து நிற்கிறான்: "இல்லிரே! உண்ணுநீர் வேட்டேன்." வீட்டில் இருப்பவர்களே, குடிக்கத் தண்ணீர் வேண்டும். அம்மா பொற்கலத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வா என்று மகளை அனுப்புகிறாள். கையைப் பிடித்துவிடுகிறான். "அம்மா, இவன் செய்ததைப் பார்" என்று அலறுகிறாள். அம்மா ஓடி வரவும், ஒரு நொடியில் மாற்றி, "தண்ணீர் குடிக்கும்போது விக்கினான்" என்கிறாள். அம்மா பாவம், அவன் முதுகைத் தடவிவிடுகிறாள். அவனோ கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான், "கள்வன் மகன்!" என்று முடிகிறது பாட்டு.

வகுப்பில் நடத்தினால் மாணவிகள் "சார், கையைப் பிடிச்சது தப்பில்லையா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி, தப்புதான். பாட்டு முழுவதும் அவள் தோழியிடம் சொல்வது, எதை மறைத்தாள் என்பது உட்பட, என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த அம்மா. முன்பின் யோசிக்காமல், யார் என்று கேட்காமல், தண்ணீர் என்றதும் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறாளே. அவன் அந்தச் சாக்கைத் தேர்ந்தெடுத்ததே, எந்த வீட்டிலும் அதற்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்துதான்.

இதோடு ஐந்திணை ஐம்பதையும் படியுங்கள். பாலை வழியில் ஒரு சுனை, ஒரு மானுக்குத்தான் தண்ணீர் காணும். பெண் மான் குடிக்க வேண்டும் என்று ஆண் மான் 'கள்ளத்தின் ஊச்சும்', அதாவது வாயை வைத்து உறிஞ்சுவதுபோலப் பாசாங்கு செய்யும். என் அப்பத்தா கடைசிச் செம்பை எங்களிடம் நீட்டி "நான் அப்பவே குடிச்சுட்டேன்" என்பது இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஒரு ராஜா தண்ணி லேட்டா வந்துச்சுன்னு குடிக்காமலே செத்தாராமே, அவ்வளவு வீம்பா?

புறநானூறு 74. சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தவன். 'தண்ணீர் தா' என்று கேட்டுக் கிடைக்காமல், பிறகு கிடைத்தபோது கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் பாட்டைச் சொல்லி இறந்தான் என்பது பாட்டின் கீழ்க்குறிப்பு. சங்கிலியில் கட்டிய நாய் மாதிரி என்னை வைத்து, வயிற்றுத் தீ தணிய இரந்து குடிக்க வைத்தார்களே, இதற்கா பெற்றார்கள் என்று கேட்கிறான். பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்று வேறொரு கதையும் உண்டு, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது.

வீம்பு என்று நினைப்பவர்கள் 1066ஆம் குறளைப் பாருங்கள்: பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால்கூட, கேட்கிற நாக்குக்கு அதைவிட இழிவு வேறில்லை என்கிறார். கேட்டவனைக் காக்க வைப்பது அவனைக் கெஞ்ச வைப்பது. போன பதிலில் வந்த அம்மா காக்க வைக்கவில்லை.

அண்ணாந்து குடிக்கணும்ங்கறது சுத்தத்துக்காகத்தானே சார்?

ஓரளவுக்கு. ஒரே செம்பைப் பத்துப் பேர் எடுக்கிற வீட்டில் எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பது நல்ல பழக்கம், எனக்கும் அப்படித்தான் வரும். ஆனால் அதே பழக்கத்துக்கு இன்னொரு முகம் உண்டு. இன்னாருக்குச் செம்பே கிடையாது, குனிந்து கையைக் குவித்தால் மேலிருந்து ஊற்றுவார்கள். இன்னாருக்கு டீக்கடையில் தனிக் குவளை, அதைக் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். அதைச் சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது சாதி. மேலே ஊருணி எல்லார் குடத்துக்கும் எட்டும் என்று எழுதினேன் அல்லவா, எங்கள் ஊரிலேயே 'எல்லார்' என்பதில் எல்லோரும் இல்லை, படித்துறை வேறு வேறாக இருந்தது. அதை நான் சிறுவனாகக் கவனிக்கவே இல்லை.

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடும்பங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது.

ஊருக்குப் போயிட்டு வர்றவங்க எல்லாம் 'எங்க ஊர்த் தண்ணி மாதிரி வராது'ங்கறாங்களே, தண்ணிக்கு ருசி உண்டா?

உண்டு. கரைந்திருக்கிற உப்புகள்தான் ருசி, அதனால்தான் உப்பை அறவே எடுத்த தண்ணீர் சப்பென்று இருக்கும். கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணி என்பார்கள், திருநெல்வேலிக்காரர்கள் தாமிரபரணி என்பார்கள், இரண்டு பேரையும் ஒரே அறையில் விடாதீர்கள்.

ஐங்குறுநூறு 203இல் ஒரு பெண், காதலன் ஊருக்குப் போய்த் திரும்பியவள், சொல்கிறாள்: நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிது, அவர் நாட்டில் சருகு மூடிய கிணற்றின் அடியில் 'மான் உண்டு எஞ்சிய கலிழி நீரே'. கலிழி என்றால் கலங்கல். என் மனைவி சிறுவாணி குடித்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் நாள் எங்கள் ஊருணித் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வைக்கு, நான் அவசரமாக இந்தப் பாட்டை எடுத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு ரெண்டு நாள் குடிச்சிருப்பாங்க. தினமும் குடத்தைத் தூக்கிட்டுப் போய் ஊத்துல மொண்டுட்டு வரச் சொல்லியிருந்தா பாட்டு வேற மாதிரி வந்திருக்குமுங்க."